முள்ளக்காவும் கைதட்டாத கூட்டமும்

வானொலி நிலையத்தில் அவளை எல்லோரும் முள்ளக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஒலிப்பதிவு அறையின் நீண்ட மேசையில், கண்ணாடிக்குள் ஆடி ஒலியின் அளவைக் காட்டும் மீட்டர் முள்ளை விட்டு அவள் கண் நகராது என்பது ஒரு காரணம். பேச்சும் அப்படித்தான், பக்கத்தில் போனால் குத்தும் என்பது இன்னொரு காரணம். இரண்டாவது காரணத்தை அவள் காதுபடச் சொல்லும் தைரியம் அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் கிடையாது.

சத்தத்தில் பிறந்து சத்தத்துக்கே வாக்கப்பட்டவள் அவள். அப்பாவுக்கு அச்சகம். கீழே இயந்திரம், மேலே வீடு. அலமாரியில் பாத்திரம் நடுங்கும், படுத்தால் தலையணை நடுங்கும். தாள் எங்கேயாவது சிக்கினால் இயந்திரத்தின் சத்தம் ஒரு நூலளவு மாறும். அப்பா கவனிப்பதற்கு முன்னால் மாடியிலிருந்து இவள் குரல் கொடுத்துவிடுவாள். கல்யாணம் ஆனாலாவது காதுக்கு விடுதலை கிடைக்கும் என்று நினைத்தாள். வாய்த்தவர் மோட்டார் சைக்கிள் பழுது பார்ப்பவர். அங்கேயும் கீழே பட்டறை, மேலே வீடு. அது போதாதென்று வீட்டுக்காரருக்கு ராக் பாட்டுப் பைத்தியம் வேறு. பட்டறைச் சுவரில் தொங்கும் ஒலிப்பெட்டி அலற, அதற்கு மேலே இன்ஜின் அலற, இரண்டுக்கும் மேலே அவர் அலறுவார்.

நிலையத்துக்கு அவள் முதலில் வந்தது பழைய ஒலிநாடாக்களை அழிக்கும் தற்காலிக வேலைக்கு. ஒரு நாள் ஒலிப்பதிவாளர் காய்ச்சலில் படுத்துவிட, வேறு ஆள் இல்லாமல் இவளை உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. கை அவ்வளவு சுத்தம். மேசையில் வரிசையாக இருக்கும் ஃபேடர்களை, அதாவது ஒவ்வொரு மைக்கின் ஒலியையும் ஏற்றி இறக்கும் நகரும் பொத்தான்களை, அவள் விரல்கள் பார்க்காமலே தேடிப் பிடிக்கும். சத்தம் ஏறினால் இறக்கு, இறங்கினால் ஏற்று. அவளுடைய வேதம் மொத்தமும் இவ்வளவுதான். பேருந்தில் கேட்பவருக்கும் கேட்க வேண்டும், மிக்ஸி ஓடும் சமையலறையில் கேட்பவருக்கும் கேட்க வேண்டும் அல்லவா? முள் நடுவில் நின்றால் ஊருக்கே நிம்மதி என்பாள்.

ஆனால் பாட்டு கேட்பது என்பது அவளுக்கு வராத ஒன்று. நேற்று யார் பாடினார்கள் என்று கேட்டால், “மூணாவது மைக்ல நின்னவரு, ‘ச’ சொன்னா கொஞ்சம் சீறும்” என்று பதில் வரும். பாட்டு எப்படி என்று கேட்டால், முள் ஒழுங்காக நின்றது என்பாள். சர்க்கரை ஆலையில் வேலை பார்ப்பவன் இனிப்பைத் தொடமாட்டான் என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். ஆலைக்குப் பக்கத்திலேயே படுத்துக் கிடக்கிற ஈயைவிட அது மேல் என்று இவள் திருப்பிக் கொடுப்பாள்.

அந்த வீட்டுக்காரர் தெய்வம்போல் கொண்டாடிய பாடகருக்கு இடி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ, அவரது குழு வைத்த பெயர்தான் நிலைத்துவிட்டது. இடி பாடினால் மைக்குக்கே காய்ச்சல் வரும் என்பார்கள். அவருடைய ரயில் பாட்டுக்கு வீட்டுக்காரர் ஸ்பேனரால் தாளம் போட்டுப் போட்டு, பட்டறை மேசையில் குழியே விழுந்திருந்தது.

சனிக்கிழமை மாலைதோறும் நிலையத்தின் அரங்கில் பாட்டுக் கச்சேரி நடக்கும். முந்நூறு நாற்காலிகள், இலவச அனுமதி, நேரடி ஒலிபரப்பு. அந்தச் சனிக்கிழமைக்கு இடி வருகிறார் என்று அறிவித்ததும் நுழைவுச் சீட்டுகள் பறந்துவிட்டன. மனைவியிடம் வாழ்க்கையிலேயே முதல்முறையாகச் சிபாரிசு கேட்டார் வீட்டுக்காரர். மூன்றாவது வரிசையில் ஓர் இடம் கிடைத்தது. அன்று அவர் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியதைப் பார்த்து, பெண் பார்க்க வந்தபோதுகூட இவ்வளவு மடிப்புக் கலையாமல் வரவில்லையே என்று முள்ளக்கா நினைத்துக்கொண்டாள்.

மதியம் முழுக்க அவள் மேடையைத் தயார் செய்தாள். டிரம்ஸுக்கு மட்டும் ஒரு கூட்டம் மைக். கிட்டார்களுக்கு, பாடுபவர்களுக்கு, எல்லாவற்றுக்கும் தனித்தனியாக. நான்கு மணிவாக்கில் அரங்கின் பின்கதவு திறந்தது. ஒல்லியாக ஒருவர், தோளில் ஒரு பை, கையில் மின்கம்பி எதுவும் இல்லாத சாதாரண மரக் கிட்டார். பின்னால் குழு வரும் என்று எல்லோரும் கதவையே பார்த்தார்கள். யாரும் வரவில்லை. அவரே கதவைச் சாத்திவிட்டு வந்து, ஒரு நாற்காலி கிடைக்குமா என்று கேட்டார்.

நிகழ்ச்சி அமைப்பாளர் ஓடி வந்தார். நல்ல மனிதர், ஆனால் பதற்றம் பிறவிச் சொத்து. குழு எங்கே, டிரம்ஸ் எங்கே, ரயில் பாட்டு உண்டா இல்லையா என்று மூச்சுவிடாமல் கேட்டார். குழுவை விட்டு வந்து கொஞ்ச நாள் ஆகிறது, இன்று பாடப்போவது யாரும் கேட்டிராத புதுப் பாட்டுகள் என்று இடி பொறுமையாகச் சொன்னார். திங்கட்கிழமை குழு வெளிநாட்டுப் பயணம் கிளம்புகிறதே, அதற்கும் போகவில்லையா என்றார் அமைப்பாளர்.

“இன்னைக்குக் கச்சேரி முடிஞ்சதும் பதில் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்,” என்றார் இடி. “இவங்க உக்காந்து கேட்டாங்கன்னா நான் போகல. கேக்கலைன்னா, போய்ப் பழையபடி கத்திட்டுக் கிடக்கேன். அதுக்கு எப்பவும் ஆள் இருக்கு.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சுருதி சேர்ந்த பிறகும் கிட்டாரின் முறுக்காணியை அவர் திருகிக்கொண்டே இருந்ததை முள்ளக்கா பார்த்துவிட்டாள். ஒரு வாழ்க்கையை இந்த முந்நூறு நாற்காலிகளின் கையில் கொடுத்துவிட்டு ஒரு மனிதர் நிற்கிறார் என்பது அவளுக்குப் புரிந்தது. பாவமாக இருந்தது. ரசிகர்கள் ரயில் பாட்டுக்கு அல்லவா வருகிறார்கள்?

மேடையில் மற்ற மைக்குகளை எல்லாம் எடுத்துவிட்டு, ஒரே ஒரு மைக்கை அவர் வாய்க்கும் ஒன்றைக் கிட்டாருக்கும் வைத்தாள். எல்லோரும் அழைப்பதைக் கேட்டு அவரும் அவளை அக்கா என்றே கூப்பிட்டார்.

“அக்கா, சில இடத்துல ரொம்ப மெதுவாப் பாடுவேன். அங்க ஏத்திடாதீங்க.”

“ஏத்தலைன்னா யாருக்கும் கேக்காதே சார்.”

“கேக்கணும்னு நினைக்கிறவங்க கொஞ்சம் பக்கத்துல வரட்டுமே.”

நன்றாக இருக்கிறது நியாயம் என்று நினைத்தாள். பேருந்தில் போகிறவன் எங்கிருந்து பக்கத்தில் வருவான்?

இங்கே வாட்ச்மேனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது ஆள் இல்லை, ஒரு பெட்டி. நேரடி ஒலிபரப்பில் எல்லோரும் பயப்படுவது சத்தத்துக்கு அல்ல, சத்தம் இல்லாமல் போவதற்குத்தான். வெளியே போகும் ஒலி ஓர் அளவுக்குக் கீழே இறங்கிச் சற்று நேரம் அப்படியே கிடந்தால், எங்கேயோ கம்பி அறுந்துவிட்டது என்று அந்தப் பெட்டி முடிவு கட்டிவிடும். முதலில் மஞ்சள் விளக்கு எரியும். அதற்கும் யாரும் அசையவில்லை என்றால் நிகழ்ச்சியை வெட்டிவிட்டு, தனக்குள் சேமித்து வைத்திருக்கும் புல்லாங்குழல் இசையைத் தானே போட்டுவிடும். பதிவும் அந்தப் பெட்டி வழியாகத்தான் ஆகிறது என்பதால், பதிவிலும் புல்லாங்குழல்தான் இருக்கும். அதை நிறுத்தும் பொத்தான் ஊருக்கு வெளியே, ஒலிபரப்புக் கோபுரத்தின் அடியில் உள்ள கட்டடத்தில் இருந்தது. கடமையில் கெட்டி, புத்தியில் பூஜ்யம். அதனால்தான் வாட்ச்மேன் என்று பெயர் வைத்தார்கள் என்று உண்மையான வாட்ச்மேனுக்கு வருத்தம்.

மாலை அரங்கு நிரம்பியது. மைக்கில் கேட்டுவிடும் என்பதால் எல்லோருடைய கைபேசிகளையும் வாங்கி வைக்கும் வழக்கம் அங்கே. இடியின் கைபேசி, முள்ளக்காவின் மேசைக்கு அருகே இருந்த கூடையில் கிடந்தது. ஒலிபரப்பு தொடங்கியதற்கான சிவப்பு விளக்கு எரிந்தது. திரை விலகி, ஒரு மனிதரும் ஒரு நாற்காலியும் மட்டும் தெரிந்தபோது கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது.

முதல் பாட்டு தொடங்கியது. முள்ளக்காவின் விரல்கள் வேலையைத் தொடங்கின. மெதுவாகப் பாடிய இடத்தில் ஏற்றின, குரல் எழுந்த இடத்தில் இறக்கின. முள் நடுவில் அழகாக நின்றது. தற்செயலாக ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிச் சுவர் வழியாக மேடையைப் பார்த்தாள். அவர் நெஞ்சை நிமிர்த்தி, கழுத்து நரம்பு புடைக்க, உயிரைக் கொடுத்துப் பாடிக்கொண்டிருந்தார். ஆனால் ஹெட்ஃபோனில் குரல் வளரவே இல்லை. கண் பார்த்ததும் காது கேட்டதும் ஒத்துப்போகவில்லை. எங்கே போயிற்று அந்த உயிர்? திடுக்கிட்டுக் கையைப் பார்த்தாள். அவளுடைய விரல்தான் அதை அமுக்கிப் பிடித்திருந்தது. ஏற்றாதீர்கள் என்று அந்த மனிதர் வாய்விட்டுக் கேட்டும் கை கேட்கவில்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது சும்மா இல்லை.

வெட்கமாக இருந்தது. இத்தனை வருடம் எத்தனை பேருடைய மேட்டையும் பள்ளத்தையும் இப்படி நிரவித் தார் ரோடு போட்டு வைத்தோமோ என்று தோன்றியது. குரலுக்கும் கிட்டாருக்கும் ஓர் அளவு வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். அமைப்பாளர் அவளைப் பேய் பிடித்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

பாட்டு முடிந்ததும் மரியாதைக்குக் கொஞ்சம் கைதட்டல். அந்த இடைவெளியில் மூன்றாவது வரிசையிலிருந்து ஓர் ஆள் எழுந்து, “ரயில் பாட்டு! ரயில் பாட்டு!” என்று கத்தினார். சட்டையின் மடிப்பைப் பார்த்தே யார் என்று தெரிந்துவிட்டது. முள்ளக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். மேடையில் இடி சிரித்துக்கொண்டே தலையை அசைத்துவிட்டு, அடுத்த பாட்டுக்குப் போனார். அதற்குக் கைதட்டல் இன்னும் குறைவாக வந்தது. ஆனால் நாற்காலிகள் கிரீச்சிடுவது நின்றிருந்தது.

கடைசிப் பாட்டுக்கு அவர் கண்ணை மூடிக்கொண்டார். நீண்ட பயணம் முடிந்து வீட்டுக்கு வரும் ஒருவனின் பாட்டு அது. ஊர் ஊராகக் கத்தி ஓய்ந்து, பெட்டியோடு வாசலில் வந்து நின்று மணி அடிக்கிறான். கதவைத் திறப்பது அவன் மகள். நிமிர்ந்து பார்த்து, யார் வேணும் என்று கேட்கிறாள்.

அந்தக் கேள்வியைக் குழந்தையின் குரலில் பாடவில்லை அவர். பேசுவது போலச் சொன்னார். சொன்னதும் கை தந்திகளின்மேல் படிந்தது. பாட்டு நின்றுவிட்டது.

முள்ளக்கா முள்ளைப் பார்க்க மறந்தாள். அவளுக்கும் ஒரு மகள் உண்டு. சனிக்கிழமை மாலைகளில் அம்மாவைப் பார்க்காமலே வளர்ந்து, இப்போது வேறு ஊரில் படிக்கிறாள். மகளை நினைத்தாளா, வாசலில் நிற்கும் அந்த மனிதனை நினைத்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை. ஒரு பாட்டு தன்னைத் தொட்டுவிட்டது என்பது மட்டும் தெரிந்தது. அது அவளுக்குப் பயமாகவும் இருந்தது.

முள் இறங்கி இறங்கி, கீழே படுத்தது. மஞ்சள் விளக்கு எரிந்தது.

அமைப்பாளர் எழுந்துவிட்டார். “அக்கா, கைதட்டலைப் போடுங்க,” என்றார். அதற்கென்று ஒரு பொத்தான் உண்டு. கூட்டம் சோர்ந்துபோன நாட்களில் பயன்படுத்த, எப்போதோ பதிவு செய்த கைதட்டல். எத்தனையோ ஓட்டைகளை முள்ளக்கா அதை வைத்து அடைத்திருக்கிறாள். விரல் தானாக அங்கே போனது. மேடையில் அவர் அசையவில்லை. வேண்டுமென்றே நிறுத்தினாரா, பாட முடியாமல் நின்றாரா? யாருக்குத் தெரியும்? குரலை ஏற்றலாம் என்றால் குரலே இல்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

அப்போதுதான் கூரையில் தொங்கும் மைக்குகள் அவள் கண்ணில் பட்டன. கூட்டத்தின் கைதட்டலை எடுப்பதற்காக வைத்தவை. பாட்டு நடக்கும்போது அவற்றை மூடி வைப்பதுதான் முறை, இருமலும் தும்மலும் யாருக்கு வேண்டும்? அந்த ஃபேடர்கள் எல்லாவற்றையும் இரண்டு கையாலும் சேர்த்து மேலே, முட்டும் வரை தள்ளினாள்.

ஹெட்ஃபோனுக்குள் அரங்கம் திறந்துகொண்டது. முந்நூறு பேரின் மூச்சு. யாரோ எச்சில் விழுங்குகிறார்கள். ஒரு துணி உரசுகிறது. ஒரு நாற்காலி முனகப் பார்த்து, உட்கார்ந்திருப்பவர் அதை அடக்குகிறார். மூச்சை விட்டால் எங்கே கெட்டுவிடுமோ என்று பயந்து பயந்து விடுகிறார்கள், தூங்கும் குழந்தை இருக்கிற அறைக்குள் நுழைந்தவர்களைப் போல. அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இத்தனை வருடமாக இவர்கள் அந்தப் பக்கம் இருந்திருக்கிறார்கள். ஒரு நாள்கூட அவள் கேட்டதில்லை. முள் மெல்ல எழுந்து நடுங்கியது. மஞ்சள் விளக்கு அணைந்தது. எதைக் கேட்டு வாட்ச்மேன் சமாதானம் ஆயிற்று என்று அதற்குத்தான் வெளிச்சம். காற்றில் போய்க்கொண்டிருந்தது முந்நூறு பேர் சேர்ந்து சும்மா இருக்கும் சத்தம்.

பிறகு, எவ்வளவு நேரம் கழித்தோ, தந்தி ஒன்று அசைந்தது. உன்னைத்தான் பார்க்க வந்தேன் என்று பாடினார் அவர். அந்த ஒரே வரியோடு பாட்டு முடிந்தது.

யாரும் கைதட்டவில்லை. தட்ட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நேரம் முடிந்து அறிவிப்பாளர் குரல் கொடுத்தார், சிவப்பு விளக்கு அணைந்தது. மடக்கு நாற்காலி படாரென்று அடித்துக்கொள்ளாமல் கையால் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அமைப்பாளர் சுவர்ப் பக்கம் திரும்பி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். முள்ளக்கா நாற்காலியை விட்டு எழவில்லை. கோயிலுக்குள் செருப்போடு போய்விட்டவள் போலக் கூச்சமாகவும், அதே சமயம் பெரிதாக எதையோ பார்த்துவிட்ட திகைப்பாகவும் இருந்தது.

கதவு திறந்தது. இடி நின்றார். முகம் செத்துப் போயிருந்தது. கூடையில் இருக்கும் கைபேசி வேண்டும் என்றார்.

“பாத்தீங்களாக்கா, கல்லு மாதிரி உக்காந்திருந்தாங்க. ஒரு கைதட்டல் இல்ல. பசங்ககிட்ட வர்றேன்னு சொல்லிடறேன்.”

முள்ளக்காவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. மேடை விளக்கு கண்ணில் அடிக்க, அவருக்கு எதிரே ஒரு முகம்கூடத் தெரிந்திருக்காது. அலறலும் விசிலும்தான் அன்பு என்று பழகிய காது அது. அமைதியான ஒரு கூட்டத்தை அந்த மனிதர் வாழ்நாளில் சந்தித்ததே இல்லை. சத்தம் இல்லையென்றால் கம்பி அறுந்துவிட்டது என்று நினைக்கும் பெட்டிக்கும் அவருக்கும் அதிக வித்தியாசம் இல்லை. தனக்கும்தான் என்ன வித்தியாசம், இன்று மாலை வரைக்கும்?

“போன் எங்கயும் ஓடிடாது. உக்காருங்க தம்பி,” என்றாள். அவளையறியாமல் வந்த தம்பி அது.

தன் பாட்டு தனக்குத் தெரியும், கேட்க வேண்டியதில்லை என்றார் அவர். பாட்டைப் போடப்போவதில்லை, நிறுத்தின இடத்தைத்தான் போடப்போகிறேன் என்று சொல்லி, தன் ஹெட்ஃபோனைக் கழற்றி அவர் தலையில் மாட்டினாள். அவள் இன்னொன்றை மாட்டிக்கொண்டாள்.

யார் வேணும் என்ற கேள்வி வந்தது. தந்தி அடங்கியது. முதலில் ஒன்றுமே இல்லை. பிறகு கூரை மைக்குகள் திறந்துகொண்டன. இடியின் புருவம் சுருங்கியது.

“என்ன சத்தம் இது?”

“ஆளுங்க.”

அவர் ஹெட்ஃபோனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டார். மூச்சு வந்து வந்து போனது. அவருடைய மூச்சும் அந்த மூச்சுகளோடு சேர்ந்துகொண்டதைப் பக்கத்தில் இருந்தவள் பார்த்தாள். நடுவில் யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அடக்கப் பார்த்து முடியாமல், மறுபடியும் ஒருமுறை.

“இது யாரு, அழறது?”

முள்ளக்கா கொஞ்சம் தயங்கினாள். “ரயில் பாட்டு, ரயில் பாட்டுன்னு கத்தினாருல்ல, அவருதான். என் வீட்டுக்காரர். அந்த மூக்கை எங்க கேட்டாலும் எனக்குத் தெரியும்.”

அவர் சிரிக்கவில்லை. கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவும் இல்லை. இன்னொரு முறை போடச் சொன்னார். போட்டாள். மூன்றாவது முறை கேட்காமலே போட்டாள், அவளுக்கும் கேட்க வேண்டியிருந்தது. அமைப்பாளர் விளக்கை அணைக்க வந்தவர், கதவருகே அப்படியே நின்றுவிட்டார்.

கடைசியில் இடி கூடையிலிருந்து கைபேசியை எடுத்தார். மறுமுனையில் அவருடைய பழைய குழுக்காரர் எடுத்ததும், கச்சேரி எப்படி, கூட்டம் எப்படி என்று கேட்டது அறைக்கே கேட்டது. எல்லோரும் சத்தமாகப் பேசியே பழகியவர்கள் போல.

“கடைசிப் பாட்டுக்கு ஒருத்தர்கூடக் கைதட்டலடா,” என்றார் இடி. மறுமுனை ஆறுதல் சொல்ல ஆரம்பித்தது. அவர் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் காலியாகக் கிடந்த முந்நூறு நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டே, “அதனாலதான் நான் வரலைன்னு சொல்றேன்,” என்றார்.